ஏசி/டிசி: உழைப்பு சரி, றோட்டைப் போட்டது யார்?

ஏசி/டிசி பற்றி எங்கட ஆக்களுக்குள்ள ரெண்டு கதைதான் ஓடும். ஒன்று, ‘ஐம்பது வருசமா ஒரே பாட்டைத்தான் அடிக்கிறாங்கள்’ என்ற நக்கல். மற்றது, ‘பப்பிலயும் கிளப்பிலயும் அலைஞ்சு, ஒருத்தற்ற தயவும் இல்லாமல் மேல வந்த பெடியள்’ என்ற புகழ். முதலாவதைச் சொல்லுற ஆக்களோட எனக்குப் பெரிய சண்டை இல்லை. அது பாதி உண்மை, அந்தப் பாதியிலதான் இந்த பாண்டின் கெட்டித்தனமே இருக்கு. எனக்குப் பிரச்சினை ரெண்டாவது கதையோடதான். அந்த பாண்டே அதைப் பாட்டாக்கி வித்தது. 1975இல் வந்த ‘இட்ஸ் எ லோங் வே டு த டொப்’ முழுக்க, உச்சிக்குப் போற வழி எவ்வளவு தூரம், எவ்வளவு அடி, எவ்வளவு ஏமாத்து என்ற புலம்பல்தான். தூரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த றோட்டை யார் போட்டது, யாரை அதில ஏறவிட்டது, யாரை இறக்கிவிட்டது என்று கேட்கத் தொடங்கினால் கதை வேற பக்கம் போகுது.

1963இல் இருந்து தொடங்குவம். கிளாஸ்கோ நகரத்தின் கிரான்ஹில் பகுதியில் இருந்த யங் குடும்பம் அந்த வருசம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. பிள்ளைகள் எட்டுப் பேர். கடைசி ரெண்டு பெடியளான மல்கமுக்குப் பத்து வயசு, அங்கஸுக்கு எட்டு. பிரித்தானியாவில் அந்தக் குளிர்காலம் மிக மோசமானது, வேலையும் இல்லை. அவுஸ்திரேலிய அரசு அப்ப ஆள் பிடிச்சுக்கொண்டிருந்தது. வயது வந்த ஒருத்தருக்குப் பத்துப் பவுண், பிள்ளைகளுக்கு இலவசம், ரெண்டு வருசம் இருந்தால் போதும். மிச்சச் செலவு அரசாங்கத்தின்ரது. போய் இறங்கினவர்கள் தங்க இடமும் இருந்தது. யங் குடும்பம் முதலில் தங்கினது சிட்னியின் மேற்குப் பக்கம் இருந்த வில்லவுட் குடியேறிகள் விடுதியில். இந்தப் பெயரை ஒருக்கால் மனசில வச்சிருங்கோ.

வில்லவுட் ஒன்றும் சொர்க்கம் இல்லை. தகரக் கொட்டில்கள், பொதுச் சாப்பாட்டு மண்டபம், மழை, சேறு. ஆனால் அந்த விடுதியில யங் குடும்பத்தின் இன்னொரு மகன் ஜோர்ஜ், ஒல்லாந்தில் இருந்து வந்த ஹரி வண்டா என்ற பெடியனைச் சந்திச்சான். அவையள் இன்னும் மூன்று பேரோட சேர்ந்து 1964இல் தொடங்கினதுதான் ஈஸிபீட்ஸ். ஐந்து பேருமே வெளியில பிறந்து வந்த ஆக்கள். ரெண்டு வருசத்தில் ‘ஃப்ரைடே ஒன் மை மைன்ட்’ பாட்டு இங்கிலாந்துத் தரவரிசையில ஆறாம் இடத்துக்கு வந்தது. வீட்டுக்கு வெளியில கத்திக்கொண்டு நிற்கிற ரசிகைகளைப் பார்த்துக்கொண்டுதான் மல்கமும் அங்கஸும் வளர்ந்தாங்கள்.

அந்தப் பத்துப் பவுண் திட்டம் எல்லாருக்கும் இல்லை. வெள்ளை அவுஸ்திரேலியா கொள்கை அப்ப நடைமுறையில இருந்தது. இலங்கையில் இருந்து போன பறங்கியர் கூட, தங்கட ஐரோப்பிய வம்சாவளியைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கொஞ்சம் கறுப்பாப் பிறந்த அண்ணனுக்கு ஒரு முடிவு, வெள்ளையாப் பிறந்த தங்கச்சிக்கு இன்னொரு முடிவு வரக்கூடிய காலம். அந்தக் கொள்கையின் மிச்சத்தை விட்லம் அரசாங்கம் 1973இல் எடுத்துப் போட்டது. ஏசி/டிசி தொடங்கினதும் அதே 1973, நவம்பரில். ரெண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த பாண்டின் முதல் பத்து வருசக் கதை எந்தச் சட்டத்துக்குக் கீழ எழுதப்பட்டது என்பதற்கு இந்தத் திகதி நல்ல குறிப்பு.

அடுத்த கதவு அண்ணன். ஈஸிபீட்ஸ் 1969இல் கடனோட உடைஞ்சது. ஜோர்ஜும் வண்டாவும் லண்டனில சில வருசம் ஸ்டூடியோ வேலை செய்து, ஒலிப்பதிவை நுணுக்கமாப் படிச்சுக்கொண்டு, 1973இல் சிட்னிக்குத் திரும்பி வந்து அல்பேர்ட் கம்பனியோட வேலை தொடங்கினார்கள். தம்பிமாரைக் கூப்பிட்டு மார்கஸ் ஹுக் ரோல் பாண்ட் என்ற பெயரில ஒரு அல்பம் செய்வித்தார்கள். இருபது வயசில, சொந்த பாண்ட் தொடங்க முதலே, ஒரு தொழில்முறை ஸ்டூடியோவுக்குள்ள என்ன நடக்கும் என்று மல்கமுக்குத் தெரியும். மல்கம் கடைசி வரைக்கும் அடிச்ச கிரெட்ஷ் கிற்றார் கூட வண்டாவின் கையில இருந்து வந்தது. ஏமாத்துக் கம்பனிக்காரன் எப்பிடி இருப்பான், ஒப்பந்தத்தில எந்த வரியைப் பார்க்க வேணும் என்பதெல்லாம் அண்ணன் அடிபட்டுப் படிச்ச பாடம். தம்பிமாருக்கு அது சும்மா கிடைச்சது. எங்கட வீடுகளில அண்ணன்ர பழைய நோட்ஸை வச்சு ஏஎல் சோதினை எடுத்த ஆக்களுக்கு இது நல்லா விளங்கும்.

சரி, இப்ப பப்புக்கு வருவம். இங்கதான் எனக்கு இந்த பாண்டில உண்மையான மரியாதை.

அவுஸ்திரேலிய பப்புகளின் வரலாறு கொஞ்சம் தெரியாமல் இந்தச் சத்தம் விளங்காது. முதலாம் உலக யுத்த காலத்தில இருந்து அங்க பல மாநிலங்களில பின்னேரம் ஆறு மணியோட பப் பூட்ட வேணும் என்று சட்டம். ஐந்து மணிக்கு வேலை விட்டு வாறவன் ஒரு மணித்தியாலத்துக்குள்ள எவ்வளவு ஊத்தலாமோ அவ்வளவையும் ஊத்துவான். நியூ சவுத் வேல்ஸில் 1955இலும், விக்டோரியாவில் 1966இலும், தென் அவுஸ்திரேலியாவில் 1967இலும்தான் இந்தச் சட்டம் போனது. இரவு பத்து மணி வரைக்கும் திறக்கலாம் என்று வந்த உடன முதலாளிமாருக்கு ஒரு புதுக் கேள்வி: இந்த நாலு மணித்தியாலமும் சனத்தை எப்பிடி உள்ளுக்கு வச்சிருக்கிறது? எழுபதுகளின் தொடக்கத்தில குடிக்கலாம் என்ற வயசும் சில மாநிலங்களில 21இல் இருந்து 18க்கு இறங்கினது. பெடியள் கூட்டம் கூட்டமா வந்தாங்கள். பெரிய மண்டபம், ஒட்டுற கம்பளம், மலிவான பியர். அதுக்குள்ள ஒரு பாண்டை ஏத்தினால் பியர் விக்கும். இப்பிடித்தான் ‘பப் ரொக்’ என்று பிறகு பெயர் வச்ச ஒன்று உருவானது. கலை வளரட்டும் என்று ஒருத்தரும் திட்டம் போடவில்லை. மதுச்சட்டம் மாறினது, வியாபாரம் பாண்ட் தேடினது.

அந்த வியாபாரம் கிழமையில பல இரவு வேலை குடுத்தது. 1973 டிசம்பர் 31 இரவு சிட்னியின் செக்கர்ஸ் நைட்கிளப்பில் முதல் ஷோ செய்த ஏசி/டிசி, அடுத்த ரெண்டு வருசமும் சிட்னி, மெல்பேர்ன், அடிலெய்ட் என்று ஹொட்டல் ஹொட்டலா ஓடினது. அந்த இடங்களில கேட்க வந்தவன் குறைவு, குடிக்க வந்தவன்தான் கூட. பாட்டுப் பிடிக்காவிட்டால் எழும்பிப் போகமாட்டான், போத்தலை எறிவான். இப்பிடி ஒரு சபைக்கு முன்னால என்ன எடுபடும்?

இதுக்கு மல்கம் கண்டுபிடிச்ச விடையைத்தான் நாங்கள் ‘ஒரே பாட்டு’ என்று நக்கலடிக்கிறம். சத்தம் நிறைஞ்ச ஒரு மண்டபத்தில சிக்கலான வாசிப்பு எல்லாம் கலங்கின தண்ணி மாதிரிப் போயிடும். மூன்று கோர்ட்ஸ், நடுவில ஒரு இடைவெளி, பிறகு திரும்ப அதே மூன்று என்றால் கடைசி வரிசையில திரும்பி நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறவனுக்கும் கேட்கும். மல்கம் தன்ர கிற்றாரில ஒரு பிக்-அப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி எறிஞ்சார். தடிச்ச கம்பி போட்டார். மற்ற ஹார்ட் ரொக் பாண்டுகள் மாதிரி ஒலியை உடைச்சு உறும விடவில்லை, கிட்டத்தட்டச் சுத்தமா வச்சிருந்தார். அதாலதான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேட்குது. ஃபில் ரட் என்ற ட்ரம்ஸ்காரன் தேவையில்லாத ஒரு உருட்டல் கூடப் போடமாட்டான். அதுக்கு மேல அங்கஸ் பள்ளிக்கூட யூனிபோர்மோட ஓடித் திரியிறது (அக்கா மார்கரெட்டின் யோசனை அது, பாண்டின் பெயரும் அவவின் தையல் மெசினில எழுதியிருந்ததைப் பார்த்து வந்ததுதான்). எல்லாரும் அங்கஸைத்தான் பார்ப்பினம். ஆனால் பின்னால அம்ப்புக்குப் பக்கத்தில அசையாமல் நிண்டு வண்டியை இழுக்கிற மாடு மல்கம்.

‘பேக் இன் பிளாக்’ பாட்டின் தொடக்கத்தை ஒருக்கால் கவனமாக் கேளுங்கோ. அதில இசையை விட, இசைக்கு நடுவில இருக்கிற மௌனம்தான் ஆளைப் பிடிக்குது. அந்த மௌனத்தில தலை தானா ஆடும். அதை ஒரு இசைக் கல்லூரியும் சொல்லிக் குடுத்திருக்காது. நூற்றுக்கணக்கான இரவு, கேட்க விருப்பமில்லாத சனத்துக்கு முன்னால நிண்டு, எது எடுபடுது எது எடுபடவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கழிச்சு வந்தது. ஒவ்வொரு அல்பத்திலயும் புதுசு காட்ட வேணும் என்று கலைஞர்களிட்டக் கேட்கிற நாங்கள், அதே தச்சன் அதே கதிரையை முப்பதாவது தரம் செய்யேக்க ஏன் முறைப்பாடு சொல்லுறதில்லை? எனக்கு ஏசி/டிசி அந்தத் தச்சன் வகை.

1974இல் பொன் ஸ்கொட் பாடகனா வந்து சேர்ந்ததோட பாண்டுக்கு வாயும் பகிடியும் வந்தது. அவரும் ஸ்கொட்லாந்தில பிறந்து சின்ன வயசில அவுஸ்திரேலியாவுக்கு வந்த குடியேறிதான். 1976 பெப்ரவரியில் மெல்பேர்னின் சுவன்ஸ்டன் வீதியில லொறியின் பின்பெட்டியில நிண்டு பைப்புக்காரரோட பாடி எடுத்த வீடியோ நிறையப்பேர் பார்த்திருப்பீங்கள். அதே வருசம் லண்டனுக்குப் போய் முதலில றெட் கவ் என்ற சின்ன பப்பில் தொடங்கி, பிறகு மார்க்கீ கிளப்பில திரும்பத் திரும்ப அடிச்சு அங்கயும் ஆட்களைச் சேர்த்தார்கள். அமெரிக்காக் கம்பனி ‘டேர்ட்டி டீட்ஸ்’ அல்பத்தை வெளியிட மாட்டன் என்று நிண்டது. அதே அல்பத்தை 1981இல் வெளியிட்டபோது அங்க மூன்றாம் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவிலயும் 1977இல் சீபிஜீபி மாதிரிச் சின்ன கிளப்புகளில இருந்து தொடங்கி, 1979இல் ‘ஹைவே டு ஹெல்’ வந்த பிறகுதான் கதவு திறந்தது. இதில ஒரு துளி உழைப்பையும் நான் மறுக்கவில்லை.

நான் கேட்கிறது அந்த பப் மண்டபத்துக்குள்ள யார் இல்லை என்று.

முதலில பெண்கள். அவுஸ்திரேலிய பப்பின் பொது பார் நெடுங்காலம் ஆம்பிளைகளின் இடம். குயின்ஸ்லாந்தில அது சட்டமாவே இருந்தது. 1965இல் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹொட்டலில் மேர்ள் தோர்ன்டனும் றோசலி பொக்னரும் பாரின் கால்வைக்கிற கம்பியில தங்களைச் சங்கிலியால கட்டிப் போராடினார்கள், தங்களுக்கும் ஒரு கிளாஸ் குடுக்கச் சொல்லி. அதுக்குப் பிறகும் பப் ரொக் உலகம் பெரும்பாலும் ஆம்பிளைகள் ஆம்பிளைகளுக்கு அடிச்சதுதான். ஏசி/டிசி பாட்டுகளில பெண்கள் எப்பிடி வருகினம் என்று கேட்டால் உடல் அளவாகவும் படுக்கைப் பகிடியாகவும்தான். ‘அந்தக் காலம் அப்பிடி’ என்று சொல்லித் தப்பலாம், ஆனால் அந்தக் காலம் மட்டுமில்லை, அந்த அறையும் அப்பிடி. யாருக்குப் பாடுறமோ அவனுக்குச் சிரிப்பு வாறதைப் பாடுறது. மல்கமின் கிற்றாரைச் செதுக்கின அதே சபைதான் அந்த வரிகளையும் செதுக்கினது. ஒன்றை எடுத்து மற்றதை மறைக்க ஏலாது.

அடுத்தது அந்த மண்ணின்ர ஆக்கள். 1979இல் அடிலெய்டில் நோ ஃபிக்ஸ்ட் அட்ரஸ் என்ற ஆதிக்குடி இளைஞர்களின் பாண்ட் தொடங்கினது, ரெகேயும் ரொக்கும் கலந்து. பொன் ஸ்கொட் ஏசி/டிசிக்கு வர முதல் பாடித் திரிஞ்ச அதே ஊர். அவர்களும் அஸ் மொப் என்ற இன்னொரு பாண்டும் வானில ஏறி ஒரு ஷோவில இருந்து மற்ற ஷோவுக்குப் போற கதையை, அவர்களையே நடிக்க வச்சு 1981இல் ‘றோங் சைட் ஒஃப் த றோட்’ என்ற படமா எடுத்தார்கள். ஏசி/டிசி பாட்டில வாற அலைச்சல் எல்லாம் அதிலயும் இருக்கு, காசில்லை, வண்டி பழுது, நித்திரை இல்லை. ஆனால் இவர்களை வழியில பொலிஸ் மறிக்குது, ஷோவுக்குள்ளயே பொலிஸ் வருது, ஆளைப் பார்த்த உடன வேலை இல்லை என்று ஆகுது. அதே நாடு, கிட்டத்தட்ட அதே வருசங்கள். ஏசி/டிசி கஷ்டப்பட்டது பாட்டை விக்கிறதுக்கு, இவர்கள் கஷ்டப்பட்டது மேடைக்குப் போய்ச் சேர்றதுக்கு.

கலைப்பீடத்தில இதைக் ‘கட்டமைப்பு’ என்று எழுதினால் மார்க்ஸ் கிடைக்கும், இன்னும் ரெண்டு பக்கம் எழுதினால் நித்திரையும் கிடைக்கும். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஆட்களுக்கே திரும்புவம். ஏனென்றால் உள்ள விடப்பட்டவர்களையும் அந்த றோட்டு சும்மா விடவில்லை. பியர் விக்கிறதுக்காகக் கூப்பிடப்பட்ட பாண்டுகளில வேலைத்தளமே சாராயக்கடைதான். 1980 பெப்ரவரி 19, லண்டனில ஒரு காருக்குள்ள பொன் ஸ்கொட் செத்துக் கிடந்தார். மதுவால வந்த நஞ்சு என்று மரண விசாரணை சொன்னது. வயசு 33. ரசிகர்கள் அதை ரொக் அண்ட் ரோல் மரணம் என்று கொண்டாடுறதைப் பார்க்க எனக்கு விசர்தான் வரும். தோட்டத்தில மருந்தடிச்சு நோய் வந்தவனை அப்பிடி ஒருத்தரும் கொண்டாடுறதில்லை. மல்கமும் குடியால 1988இல் சுற்றுப்பயணத்தின் நடுவில விலக வேண்டி வந்தது, அண்ணன்ர மகன் ஸ்டீவி யங் அந்த இடத்தில நிண்டு வாசிச்சார். மல்கம் குடியை விட்டுத் திரும்பி வந்தார்.

பொன் செத்து ஐந்து மாதத்தில ‘பேக் இன் பிளாக்’ வந்தது. புதுப் பாடகன் பிரையன் ஜோன்சன், நியூகாசிலில கார்களுக்கு வைனைல் கூரை போடுற தொழில் செய்துகொண்டிருந்த, ஒருக்கால் புகழ் வந்து போன பாடகன். அமெரிக்காவில மட்டும் 25 மில்லியனுக்கு மேல போன அல்பம் அது. இதைப் பற்றி எல்லாரும் எழுதிட்டினம், நான் விடுறன்.

வில்லவுட்டை மனசில வச்சிருக்கச் சொன்னன். 1976இல், பாண்ட் லண்டனுக்குப் போன அதே வருசம், அந்த விடுதியின் ஒரு பகுதி குடிவரவுத் தடுப்பு முகாமா மாத்தப்பட்டது. இன்றைக்கு வில்லவுட் என்றால் அதுதான். 2009க்குப் பிறகு படகேறிப் போன எங்கட ஆக்கள் பலர் அந்த வேலிக்குள்ள இருந்தவை. அகதிகள்தான் என்று அவுஸ்திரேலியாவே ஏற்றுக்கொண்ட சிலரைக் கூட, உளவுத்துறை எதிரா அறிக்கை குடுத்தது என்ற ஒரு வரியில, காரணம் சொல்லாமல், எப்ப விடுவம் என்றும் சொல்லாமல் வருசக்கணக்கில வச்சிருந்தார்கள். தாய் தடுப்பில இருக்கேக்க பிறந்த குழந்தையும் அதுக்குள்ள வளர்ந்தது. 2014இல் அதே அரசாங்கம், படகில வந்தால் அவுஸ்திரேலியா உங்களுக்கு வீடாகாது என்று தமிழிலயும் சிங்களத்திலயும் விளம்பரம் செய்தது. 1963இல் அதே அரசாங்கம் கிளாஸ்கோவில ஒட்டின சுவரொட்டி வாங்கோ என்று கூப்பிட்டது.

இதுக்கு மல்கமோ அங்கஸோ பொறுப்பில்லை. பத்து வயசுப் பெடியன் கப்பலோ பிளேனோ ஏறேக்கச் சட்டப் புத்தகம் பார்த்து ஏறுறதில்லை. நான் சொல்லுறது அவர்களை ரசிக்கிற எங்களைப் பற்றி. ‘உண்மையான திறமை எப்பிடியும் மேல வரும், ஏசி/டிசியைப் பார்’ என்று யாராவது சொன்னால், அந்தத் திறமை வில்லவுட்டில இருந்து வெளியில நடந்து வந்து ஒரு கிற்றார் கடைக்குப் போகக்கூடியதா இருந்தது என்று ஞாபகப்படுத்துங்கோ. அதே முகாமில, நாற்பத்தைஞ்சு, ஐம்பது வருசம் பிந்தி, எத்தனை கிற்றார்காரர் படலைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள் என்று எண்ண வழியில்லை.

மல்கமின் கடைசிக் காலம் வேற மாதிரியான கொடுமை. 2008இல் தொடங்கின ‘பிளாக் ஐஸ்’ சுற்றுப்பயணத்திலயே மறதி தொடங்கிட்டுது. தான் இயற்றின, முப்பது வருசமா அடிச்ச அடிகளை ஒவ்வொரு ஷோவுக்கு முதலும் திரும்பப் படிச்சுப் படிச்சுத்தான் மேடைக்குப் போயிருக்கிறார். 2014இல் முழுசா விலகினார், 2017 நவம்பரில் செத்தார். அண்ணன் ஜோர்ஜ் அதுக்குச் சில கிழமைக்கு முதல்தான் போனார். அந்தச் சுற்றுப்பயணப் பதிவுகளைப் பார்க்கிற ஆக்கள் அங்கஸின் ஓட்டத்தை ஒரு ஐந்து நிமிசம் விட்டுவிட்டுப் பின்னால நிற்கிற மனுசனின் வலக்கையைப் பாருங்கோ. ஒரு அடியும் தவறவில்லை.

புதுசாக் கேட்கப் போற ஆக்களுக்கு: ‘பேக் இன் பிளாக்’கில தொடங்காதீங்கோ, அது எப்பிடியும் காதில விழும். 1978இல் வந்த ‘பவரேஜ்’ கேளுங்கோ, கடன், வேலை, தோல்வி என்று பொன் ஸ்கொட் எழுதினதில ஆகவும் நேர்மையானது அதில இருக்கு. முடிச்ச கையோட ‘றோங் சைட் ஒஃப் த றோட்’ படத்தின் பாட்டுத்தட்டையும் தேடிப் போட்டுக் கேளுங்கோ.